ஊருக்குத் திரும்பி வந்த பொறியாளர்

(சங்க உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நம் கூட்டங்களில் வழக்கமாக ஆச்சார்ய புருஷர்களைப் பற்றியும், சங்கீத வித்வான்களைப் பற்றியும், பெரிய உத்தியோகம் பார்த்த நம்மவர்களைப் பற்றியும் பேசுவோம். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பவர் இந்த மூன்றிலும் சேராதவர். நம் சமூகத்தைச் சேர்ந்தவரும் அல்லர். கல்லா ராமச்சந்திர நாயுடு என்று பெயர். பெயரைச் சொன்னால் உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் காரின் முன்மூடியைத் திறந்தால் உள்ளே பச்சை நிறத்தில் அமரான் என்று எழுதிய பேட்டரி இருக்கக்கூடும். அதைத் தயாரிக்கும் அமர ராஜா நிறுவனத்தை ஆரம்பித்தவர் அவர்தான். பேட்டரி வியாபாரத்தைப் பற்றிப் பேச நான் வரவில்லை. அந்தத் தொழிற்சாலையை அவர் எங்கே கொண்டுபோய் வைத்தார், அதனால் இரண்டு சின்ன ஊர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் விஷயம்.

சித்தூர் நமக்கு அந்நிய ஊர் அல்ல. 1911இல் வட ஆற்காடு, கடப்பா ஜில்லாக்களிலிருந்து தாலுகாக்களைப் பிரித்துச் சேர்த்து உண்டாக்கிய ஜில்லா அது. 1953இல் ஆந்திரம் தனியாகப் பிரியும் வரை சென்னை ராஜதானியோடுதான் இருந்தது. 1960இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி நம் பக்கம் வந்தது. சித்தூரும் திருப்பதியும் அந்தப் பக்கமே நின்றன. இன்றைக்கும் சித்தூர் கடைத்தெருவில் தமிழில் விலை கேட்டால் தமிழிலேயே பதில் வரும். நான் தொலைபேசி இலாகாவில் இருந்தபோது 1980களின் பிற்பகுதியில் மூன்று வருஷம் திருப்பதியில் வேலை பார்த்தேன். அப்போது சித்தூருக்குப் போய்வராத மாதம் கிடையாது. வேர்க்கடலை, வெல்லம், மாம்பழம், பால். இந்த நான்கும்தான் ஜில்லாவின் வாழ்வு. மழை பொய்த்தால் நான்கும் போயிற்று. படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் அவனுக்கு மூன்றே வழி: சென்னை, பெங்களூர், ஹைதராபாத். திருப்பதியில் யாத்ரீகர்களை நம்பிய பிழைப்பு உண்டு. ஆனால் லாட்ஜிலும் கடையிலும் வேலை பார்க்கலாமே தவிர, பாலிடெக்னிக் படித்தவனுக்கு அங்கே என்ன இருந்தது?

அந்த ஜில்லாவில் பூதலப்பட்டுக்கு அருகே பேட்டமிட்டா என்ற கிராமத்தில் 1938இல் பிறந்தவர் ராமச்சந்திர நாயுடு. விவசாயக் குடும்பம். ஆந்திரத்திலேயே எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் பட்டம் பெற்று, பிறகு ரூர்க்கி பல்கலைக்கழகத்தில் மேல்படிப்பு, அதற்கும் மேலே அமெரிக்காவில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு முதுகலைப் பட்டம். அதன் பிறகு சிகாகோவில் சார்ஜென்ட் அண்ட் லண்டி என்ற கம்பெனியில் உத்தியோகம். மின்சார நிலையங்களுக்கு வடிவமைப்புச் செய்து கொடுக்கும் பழைய, பெயர்பெற்ற கம்பெனி அது. நிலக்கரி மின் நிலையம், அணு மின் நிலையம் எல்லாம் அவர்கள் கையெழுத்தில் எழுந்தவை. பதினைந்து வருஷத்துக்கு மேல் அமெரிக்க வாசம். மனைவி அருணகுமாரியும் அங்கே வேலையில் இருந்தார். ஒரு மகள், ஒரு மகன். சௌகரியத்துக்குக் குறைவில்லை.

இந்த இடம் வரை கதை நம் வீட்டுக் கதைதான். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் யார் அகத்தில் ஒரு பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இல்லை? வித்தியாசம் இதற்குப் பிறகு வருகிறது. 1980களின் நடுவில், வயது நாற்பத்தைந்தைத் தாண்டிய நிலையில், அவர் குடும்பத்தோடு திரும்பினார். திரும்பியவர்கள் வேறு பலரும் உண்டு. அவர்கள் பெங்களூரிலோ சென்னையிலோ இறங்கி அங்கேயே இருந்துவிடுவார்கள். இவர் சித்தூர் ஜில்லாவுக்கே போனார்.

இதில் மாமனாருக்குப் பங்கு உண்டு. பாட்டூரி ராஜகோபால நாயுடு அந்த ஜில்லாவில் பெரிய விவசாயிகள் தலைவர். ஆச்சார்ய ரங்காவின் வழி வந்தவர். 1977லும் 1980லும் சித்தூர்த் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குப் போனவர். ஜனங்கள் அவரை ராஜன்னா என்பார்கள். படித்தவன் ஊரை விட்டுப் போனால் ஊருக்கு யார் என்பது அந்தத் தலைமுறைத் தலைவர்களின் ஓயாத கவலை. அவர்கள் கண்ட வழி கூட்டுறவு: பால் பண்ணை, சர்க்கரை ஆலை. அவை சில காலம் நன்றாகவே நடந்தன. சித்தூர் கூட்டுறவுப் பால் பண்ணை ஒரு காலத்தில் அந்தப் பிரதேசத்துக்கே பெருமை; 2002இல் அதை மூடிவிட்டார்கள். மாப்பிள்ளை எடுத்த வழி வேறு. அவர் பொறியாளர். தமக்குத் தெரிந்ததை ஊரில் செய்வது என்று முடிவு செய்தார்.

திருப்பதியிலிருந்து கடப்பா போகும் சாலையில், சேஷாசல மலையின் அடிவாரத்தில் கரக்கம்பாடி. கல்லும் புதருமாக ஆடு மேயும் இடம். அங்கேதான் 1985 வாக்கில் தொடக்கம். முதலில் மின்னேற்றிகள், தடையில்லா மின்சாரத்துக்கான சாதனங்கள். பிறகு பேட்டரி. ஏன் பேட்டரி என்று கேட்பீர்கள். இதற்கு என் இலாகாவின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கெமிஸ்ட்ரி பட்டதாரி என்ற உரிமையில் இரண்டு நிமிஷம் எடுத்துக்கொள்கிறேன்.

கரண்ட் போனாலும் டெலிபோன் வேலை செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். காரணம், எக்ஸ்சேஞ்சுக்குள் ஒரு பேட்டரி அறை உண்டு. இரண்டு வோல்ட் செல் இருபத்து நான்கை வரிசையாகக் கோத்து நாற்பத்தெட்டு வோல்ட் எடுப்போம். ஒவ்வொரு செல்லிலும் ஈயத் தகடு ஒன்று, ஈய டை ஆக்ஸைடு பூசிய தகடு ஒன்று, நடுவில் நீர்த்த கந்தக அமிலம். சார்ஜ் ஏறும்போது தண்ணீர் பிரிந்து வாயுவாகப் போய்விடும். ஆகவே வாரா வாரம் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்து, வாலை வடித்த நீர் ஊற்ற வேண்டும். அறையில் எப்போதும் தொண்டையைக் கரகரக்க வைக்கும் அமில வாசனை. பெரிய ஊரில் இதற்கென்று தனி அறையும் ஆளும் இருக்கும். கிராமத்துக்கு எங்கே போவது? 1986இல் கர்நாடகத்தில் கிட்டூரில் சி-டாட் நிறுவனத்தின் முதல் கிராம எக்ஸ்சேஞ்ச் வேலை செய்யத் தொடங்கியது. 128 லைன், ஏ.சி. தேவையில்லை, ஒரு சின்ன அறை போதும். அடுத்த சில வருஷங்களில் இந்தப் பெட்டி நாடெங்கும் போயிற்று. பெட்டி சின்னது, அதற்கேற்ற பேட்டரி வேண்டாமா? தண்ணீர் ஊற்ற வேண்டாத, வாயு வெளியே விடாத, மூடிய பேட்டரி. உள்ளே உண்டாகும் ஆக்ஸிஜனை உள்ளேயே மீண்டும் தண்ணீராக்கிக்கொள்ளும் ஏற்பாடு அதில் உண்டு. இந்தியாவில் இந்த வகையை முதலில் பெரிய அளவில் தயாரித்தவர்களில் கரக்கம்பாடித் தொழிற்சாலை ஒன்று. 1990களின் தொடக்கம். டெலிபோன், ரயில்வே, மின்வாரியம் எல்லோரும் வாங்கினோம். பேட்டரி அறையின் அமில வாசனை போனதற்கு நான் நேர் சாட்சி. 1997இல் ஜான்சன் கண்ட்ரோல்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி கூட்டுச் சேர்ந்தது. 2000இல் கார் பேட்டரி அமரான் வந்தது. கார் பேட்டரியில் நாட்டில் இரண்டாம் இடம் என்ற நிலை பிறகு வந்தது.

வியாபாரக் கதையை இத்தோடு நிறுத்துகிறேன். பத்திரிகைகளில் நிறையவே வந்திருக்கிறது. அதில் அதிகம் கவனிக்கப்படாதது வரைபடம். கம்பெனி வளர வளர புதிய ஆலைகள் எங்கே வந்தன என்று பாருங்கள். பேட்டமிட்டாவில் ஒன்று, அவர் பிறந்த ஊர். திகுவமாகத்தில் ஒன்று, மாமனார் ஊர். (பிறந்த அகத்துக்கும் புக்ககத்துக்கும் மனஸ்தாபம் வராமல் பங்கிட்டார் என்று திருப்பதியில் ஒரு நண்பர் வேடிக்கையாகச் சொல்வார்.) பிறகு சித்தூருக்குப் பக்கத்தில் நூனெகுண்ட்லபல்லியில் பெரிய வளாகம். துறைமுகம் அருகில் இல்லை, பெரிய நகரம் அருகில் இல்லை, ஈயமும் பிளாஸ்டிக்கும் வெளியிலிருந்து லாரியில் வர வேண்டும். கணக்குப் பிள்ளை எவனும் இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கமாட்டான். ஸ்க்ரூ, போல்ட், பிளாஸ்டிக் பெட்டி போன்ற உதிரிகளைக்கூட வெளியே வாங்காமல் பேட்டமிட்டாவிலேயே செய்ய ஏற்பாடு செய்தார்கள். மாலை ஷிப்ட் முடிந்ததும் பையன் சைக்கிளிலோ கம்பெனி பஸ்ஸிலோ தன் வீட்டுக்கே போய்ச் சாப்பிடுகிறான். விடுமுறையில் நிலத்தையும் பார்த்துக்கொள்கிறான். குழுமம் முழுவதுமாகப் பதினைந்தாயிரம் பேருக்கு மேல் வேலை என்கிறார்கள். அதில் பெரும்பகுதி பிரிவினைக்கு முந்தைய பழைய சித்தூர் ஜில்லாதான்.

என் அபிப்பிராயத்தில் அவர் செய்த பெரிய ஊர்த்தொண்டு இதுதான். மற்றவற்றை ஜனங்கள் அதிகம் புகழ்கிறார்கள். ராஜன்னா பெயரில் 1999இல் டிரஸ்ட் ஒன்று ஏற்பட்டது. அதன் மூலம் பள்ளிக்கூடங்கள், பேட்டமிட்டாவில் தொழிற்பயிற்சி நிலையம், மொட்டைக் குன்றுகளில் மரம் வளர்ப்பு, மழை நீரைத் தேக்கிக் கிணறுகளுக்கு ஊறவிடும் குட்டைகள். பயிற்சி நிலையத்தில் படிப்பை நடுவில் விட்ட கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, இலவசமாக இயந்திர வேலை சொல்லிக்கொடுக்கிறார்கள். இவற்றில் எனக்கு அதிகம் பிடித்தது நீர்த் தேக்கக் குட்டை. ராயலசீமையில் பெய்கிற மழை ஓடிவிடும். அதை நிற்க வைத்தால் கீழே பத்துக் கிணறுகளில் நீர் மட்டம் ஏறும். கட்டடம் கட்டிப் பெயர்ப்பலகை வைப்பதைவிட இதில் விளம்பரம் குறைவு, பலன் அதிகம்.

திருப்பதியில் பொறியாளர் தொண்டு என்றால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1944இல் திறந்த முதல் மலைப்பாதை சர் எம். விஸ்வேஸ்வரய்யாவின் திட்டப்படி அமைந்தது. அதற்கு முன் எல்லோரும் படியேறினார்கள். முடியாதவர்கள் டோலியில் போனார்கள். இன்றைக்கு அந்தப் பாதையில் பஸ்ஸில் போகிற லட்சக்கணக்கானவர்களில் யார் அவர் பெயரை நினைக்கிறார்கள்? நான் நினைத்ததாகச் சொன்னால் அது பொய்.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் படித்த கெமிஸ்ட்ரிக்கே அவமானம்.

ஒரு கார் பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். ஈயம் விஷம். அதன் தூசி கண்ணுக்குத் தெரியாது. மூச்சில் போகும், கையில் ஒட்டிச் சாப்பாட்டோடு போகும், தொழிலாளியின் சட்டையில் ஏறி வீட்டுக்கும் போகும். உடம்பில் போனால் எலும்பில் தங்கி வருஷக்கணக்கில் இருக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிலை. நம் நாட்டில் பெட்ரோலிலிருந்து ஈயத்தை 2000இல்தான் எடுத்தோம். 2020இல் யூனிசெப் வெளியிட்ட அறிக்கை ஒன்று உலகத்தில் சுமார் 80 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் கவலைப்படும் அளவுக்கு ஈயம் இருக்கிறது என்றது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் தேசத்துக் குழந்தைகள். பழைய பேட்டரியைக் கொல்லைப்புறத்தில் உடைத்து உருக்குகிறவர்கள் அதற்கு முக்கியமான காரணம். ஒழுங்கான தொழிற்சாலையில் இந்த ஆபத்தைக் கட்டுக்குள் வைக்கலாம். வைக்கிறார்களா என்பதை யாராவது அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

2021 ஏப்ரல் 30ஆம் தேதி ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கரக்கம்பாடி, நூனெகுண்ட்லபல்லி ஆலைகள் இரண்டையும் மூடும்படி உத்தரவிட்டது. சுற்றுவட்டார மண்ணிலும் நீரிலும், தொழிலாளர் ரத்தத்திலும் ஈயம் அதிகம் என்பது வாரியத்தின் வாதம். கம்பெனி மறுத்தது. அடுத்த வாரமே ஹைகோர்ட் உத்தரவை நிறுத்தி வைத்தது. இதற்குள் அரசியல் புகுந்துவிட்டது. அருணகுமாரி 1989 தொடங்கி நான்கு முறை சந்திரகிரி எம்.எல்.ஏ., மந்திரியாகவும் இருந்தவர். மகன் ஜெயதேவ் 2014இலிருந்து 2024 வரை குண்டூர் எம்.பி.யாக இருந்தவர், தெலுங்கு தேசம். 2019இல் ஆட்சி மாறியது. 2020இல், முன்பு கொடுத்திருந்த நிலத்தில் பாதிக்கு மேல் திரும்பப் பெற அரசு உத்தரவு போட்டது. அதையும் கோர்ட் தடுத்தது. எதிர்க்கட்சிக் குடும்பம் என்பதால் பழிவாங்கல் என்று ஒரு தரப்பு. எதிர்க்கட்சி என்ற போர்வையில் விஷத்தை மறைக்கப் பார்க்கிறார்கள் என்று மறுதரப்பு. நாற்பது வருஷம் அரசாங்கத்தில் கழித்தவனாகச் சொல்கிறேன்: தொழிற்சாலையும் தேர்தலும் ஒரே கூரையின் கீழ் இருந்தால், உண்மையான அளவு எது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். வாரியம் சொன்னால் ஒருவன் நம்பமாட்டான், கம்பெனி சொன்னால் மற்றவன் நம்பமாட்டான். நடுவில் இருப்பது பேட்டரித் தகடு போடுகிற பையன். அவன் ரத்தத்தில் எத்தனை மைக்ரோகிராம் என்பது கட்சி விஷயம் அல்ல. கட்சி சாராத ஒரு மருத்துவக் கல்லூரியோ பல்கலைக்கழகமோ வருஷந்தோறும் அளந்து, ஆள் பெயர் போடாமல், ஊர் பஞ்சாயத்துப் பலகையில் கணக்கை ஒட்ட வேண்டும் என்பது என் கட்சி. திருப்பதியில் இதற்கு வசதி இல்லாமல் இல்லை. 1954இல் ஏற்பட்ட ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் இருக்கிறது, மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறக்கக் கூடாது. எங்கோ மும்பையில் உட்கார்ந்திருக்கும் முதலாளியிடம் கரக்கம்பாடிக்காரன் போய்க் கேட்க முடியாது. இங்கே கேட்கலாம். கல்யாணத்தில் பார்க்கலாம், கோவிலில் பார்க்கலாம், ஊர்க்காரன் என்ற உரிமையில் வாசலில் நிற்கலாம். ஊருக்கே திரும்பி வந்து தொழில் வைத்தவனுக்கு இந்தத் தொந்தரவு உண்டு. அதை அவர் தெரிந்தே ஏற்றுக்கொண்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். மறுபக்கமும் உண்டு. வேலை கொடுத்தவரிடமே போய் "உன் புகையைக் காட்டு" என்று கேட்க நாக்கு எழும்பாது. மகனுக்கும் மருமகனுக்கும் அங்கேதான் சம்பளம். இரண்டும் நிஜம்.

2021 ஆகஸ்டில், எண்பத்து மூன்றாம் வயதில், அவர் சேர்மன் பதவியிலிருந்து விலகி மகனிடம் பொறுப்பைக் கொடுத்தார். காலமும் மாறிக்கொண்டிருக்கிறது. கார்கள் மின்சாரத்துக்குப் போகின்றன. ஈயத்தின் இடத்தில் லித்தியம். 2022 டிசம்பரில் நிறுவனம் பத்து வருஷத்தில் 9,500 கோடி ரூபாய் முதலீட்டில் லித்தியம் பேட்டரித் தொழிற்சாலை அமைக்க ஒப்பந்தம் செய்துகொண்டது. சித்தூரில் அல்ல, திருப்பதியிலும் அல்ல. தெலங்கானாவில் மகபூப்நகர் பக்கத்தில் திவிடிபல்லியில். 2023 மே மாதம் அடிக்கல். அதே வருஷம் கம்பெனியின் பெயரும் அமர ராஜா எனர்ஜி அண்ட் மொபிலிட்டி என்று மாறியது. ஜெயதேவ் 2024 தொடக்கத்தில் அரசியலிலிருந்து விலகுவதாக அறிவித்துவிட்டார்.

திருப்பதியில் இருக்கும் நண்பர்களிடம் டெலிபோனில் இதைப் பற்றிப் பேசினேன். அவர்களுக்கு வருத்தம்தான். அடுத்த தலைமுறைத் தொழில் வேறு ராஜ்யத்துக்குப் போய்விட்டதே என்று. மகபூப்நகர் நம் சித்தூரைவிடப் பின்தங்கிய, வேலை தேடி ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வெளியூர் போகிற ஜில்லா என்று நான் சொன்னேன். அது அவர்களுக்குச் சமாதானமாக இல்லை. பேட்டமிட்டாப் பயிற்சி நிலையத்தில் படித்த பையன்கள் நாளைக்கு அங்கே போய் ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்ப்பார்களோ என்று ஒருவர் கேட்டார். பழைய ஆலைகள் கரக்கம்பாடியிலும் பேட்டமிட்டாவிலும் சித்தூரிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

அடுத்த முறை பெருமாள் தரிசனத்துக்குப் போகிறவர்கள், கையில் இரண்டு மணி நேரம் இருந்தால், கடப்பா சாலையில் கரக்கம்பாடி வரை ஒரு ஆட்டோ பிடித்துப் போய் வாருங்கள். ஷிப்ட் விடும் நேரமாகப் பார்த்துப் போவது உத்தமம்.  பேட்டரியைப் பற்றி ஏதாவது கேள்வி இருந்தால் காபிக்குப் பிறகு கேளுங்கள்.